வெறுங்கட்டமும் சைபரும்: டிஎச்ஐஎஸ்2 பத்தி பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

டிஎச்ஐஎஸ்2-ன்னு, அதாவது டிஸ்ட்ரிக்ட் ஹெல்த் இன்ஃபர்மேஷன் சாஃப்ட்வேர்னு ஒரு சாஃப்ட்வேர். இத யாரும் கடையில போய் வாங்கப் போறதில்ல, வாங்கவும் முடியாது, இலவசம். ஆனா உகாண்டாவுல ஒரு மலையடிவாரத்து ஹெல்த் சென்டர்ல ஒரு குழந்தைக்குப் போட்ட ஊசி தலைநகர் கம்பாலாவுல சுகாதார மினிஸ்ட்ரில உக்காந்திருக்குறவங்க ஸ்க்ரீன்ல ஒரு நம்பரா தெரியணும்னா இது வழியாத்தான் வந்தாகணும். கென்யா, கானா, ருவாண்டா, தான்சானியா, மலாவி, சியரா லியோன்னு எங்க போனாலும் அரசாங்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஓடுறது இதுலதான், உலகம் முழுக்கப் பாத்தா எழுபது நாட்டுக்கு மேல இருக்கும். 2013-ல ரெண்டு பெட்டியோட என்டெபே ஏர்போர்ட்ல இறங்குனேன், மூணாவது நாள் எனக்கு ஒரு லாகின் குடுத்தாங்க. அன்னைலேர்ந்து ஊர் மாறிச்சு, ப்ராஜெக்ட் மாறிச்சு, சம்பளம் குடுக்குறவங்க மாறுனாங்க, மேல நீலப்பட்டை போட்ட இந்த ஸ்க்ரீன் மட்டும் என்னை விடல. அதனால இதப்பத்தி ரிவ்யூ எழுத எனக்கு உரிமை இருக்குன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

முதல்ல என் வேலை என்னன்னு சொல்லிடுறேன், இல்லன்னா இந்த சாஃப்ட்வேர் எதுக்குன்னே புரியாது. விசிட்டிங் கார்டுல "ஹெல்த் சிஸ்டம்ஸ் ஸ்ட்ரெந்தனிங்"னு இருக்கும். டாக்டரான்னா இல்ல, நர்ஸான்னா இல்ல, அப்ப ஆஸ்பத்திரில என்னதான் பண்றன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் 2007-ல ஒரு நாட்டோட சுகாதார அமைப்பை ஆறு செங்கல்லா பிரிச்சு ஒரு படம் போட்டாங்க: சிகிச்சை, ஆளுங்க, தகவல், மருந்து, பணம், நிர்வாகம். இந்தத் துறையில எந்த மீட்டிங்குக்குப் போனாலும் அந்தப் படம் ஒரு ஸ்லைட்ல வந்தே தீரும். நான் மூணாவது செங்கல். நேரா சொன்னா, எண்ணிப் பாக்குறவ. ஒரு ஹெல்த் சென்டருக்குப் போவேன், போன மாசம் முதல் தடவை செக்கப்புக்கு வந்த கர்ப்பிணிங்க எத்தனை பேருன்னு ரெஜிஸ்டர்ல ஒவ்வொரு வரியா விரல் வச்சு எண்ணுவேன், அப்புறம் அவங்க மேல அனுப்புன மாச ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு பாப்பேன், அப்புறம் டிஎச்ஐஎஸ்2-ல என்ன ஏறியிருக்குன்னு பாப்பேன். ரெஜிஸ்டர் நம்பரை ரிப்போர்ட் நம்பரால வகுத்தா 0.90-லேர்ந்து 1.10-க்குள்ள வந்தா பரவால்லன்னு ஒரு வழக்கம் இருக்கு. மூணும் ஒரே நம்பரா இருந்த இடத்துல எனக்கு கண்ணுல தண்ணி வந்திருக்கு, விளையாட்டுக்குச் சொல்லல.

சாஃப்ட்வேரோட பிறப்பு கதை எனக்குப் பிடிக்கும், அதுக்கே ஒரு ஸ்டார் தரலாம். தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சி முடிஞ்ச 1994-ல நாட்டுல ஒரு சுகாதாரத்துறை இல்ல, பதினாலு இருந்துச்சு, இனத்துக்கு ஒண்ணு, ஹோம்லேண்டுக்கு (கறுப்பினத்தவங்களுக்குன்னு தனியா ஒதுக்குன பகுதி) ஒண்ணுன்னு, ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபாரம், தனிக் கணக்கு, ஒரே ஊர்ல ரெண்டு பக்கமும் பொறந்த குழந்தைங்கள ஒண்ணா கூட்டிப் பாக்கவே வழி கிடையாது. கேப் டவுன் பக்கம் மூணு மாவட்டத்துல சோதனையா ஆரம்பிச்சாங்க, நார்வேக்காரர் யோர்ன் ப்ரா, காலே ஹெட்பர்க் இவங்கெல்லாம் அதுல இருந்தாங்க, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல செஞ்ச ஒரு சின்ன டேட்டாபேஸ்தான் முதல் டிஎச்ஐஎஸ். அவங்க பிடிச்ச முக்கியமான புள்ளி என்னன்னா, கேக்குற கேள்விய குறைங்க, மாவட்டத்துல உக்காந்திருக்குறவங்க தாங்களே பாத்து முடிவெடுக்குற அளவுக்கு மட்டும் கேளுங்கன்னு. பேருலயே முதல் எழுத்து டிஸ்ட்ரிக்ட்தான், மினிஸ்ட்ரி இல்ல, காசு குடுக்குற டோனர் இல்ல. இத ஞாபகத்துல வச்சுக்கோங்க, பின்னாடி எனக்கு இதுமேலதான் கோவமே. பிறகு ஓஸ்லோ யுனிவர்சிட்டில இணையத்துல ஓடுற மாதிரி ரெண்டாவது வெர்ஷன் எழுதுனாங்க, அது 2006-ல முதல்ல ஓடுனது நம்ம பக்கத்து கேரளாவுல, இது பலபேருக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவுல நாடு முழுக்க ஒரே ஆன்லைன் சர்வர்னு துணிஞ்சு போனது கென்யா, 2011-ல. அதுவரைக்கும் எல்லாரும் ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒரு கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ணி பென்டிரைவ்ல எடுத்துட்டு வர்ற திட்டத்துலதான் இருந்தாங்க, ஆனா மொபைல் டவர் ரோட்டை விட வேகமா போய்ச் சேந்துடுச்சு, யூஎஸ்பி மோடம் சொருகுனா போதும்னு ஆயிடுச்சு. அடுத்த வருஷம் உகாண்டா, கானா எல்லாம் பின்னாடியே வந்தாங்க.

இலவசம்னு சொன்னேன்ல, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. லைசென்ஸ் இலவசம், யார் வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். ஆனா யானைய யாரோ சும்மா குடுத்தாலும் கட்டித் தீனி போடுறது நாமதானே. சர்வர் வாடகை, அதப் பாத்துக்க ஜாவாவும் போஸ்ட்க்ரெஸ் டேட்டாபேஸும் தெரிஞ்ச ரெண்டு ஆளு, வருஷா வருஷம் புது வெர்ஷன், ஆயிரக்கணக்கான ஹெல்த் சென்டர் ஆளுங்களுக்கு ட்ரெயினிங், ட்ரெயினிங்க்கு வர்றவங்களுக்கு பஸ் காசு சாப்பாட்டுக் காசு, மாசாமாசம் டேட்டா பேக். அந்த ரெண்டு ஆளையும் நல்லாத் தயார் பண்ணி விட்டா ஒரு வருஷத்துல ஏதாவது டெலிகாம் கம்பெனியோ வெளிநாட்டு என்ஜிஓவோ மூணு மடங்கு சம்பளம் குடுத்துத் தூக்கிட்டுப் போயிடும். (அந்த மாதிரி தூக்குன என்ஜிஓ ஒண்ணுல நானும் சம்பளம் வாங்கியிருக்கேன், ஒத்துக்குறேன்.)

சரி, ஓட்டிப் பாத்தா எப்படி இருக்கு? முதல்ல இந்த எண்ணெல்லாம் எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடலாம். ஒரு ஹெல்த் சென்டர் த்ரீ, அதாவது மாவட்டத்துக்கு அடுத்து கீழ வர்ற சப்-கவுண்டி லெவல்ல இருக்குறது, காலையில எட்டு மணிக்கே வாசல்ல கூட்டம். உகாண்டாவுல 2001-ல அரசாங்க ஆஸ்பத்திரில கட்டணத்த எடுத்துட்டாங்க, கூட்டம் ஏறுனது ஏறுனதுதான். ஒரு நர்ஸ், ஒரு பெரிய சைஸ் ரெஜிஸ்டர், மடில வைக்க முடியாத சைஸ், அதுல பேர், வயசு, கிராமம், மலேரியா டெஸ்ட் பண்ணியா, பாசிட்டிவா, என்ன மருந்துன்னு கட்டம் கட்டமா. சிகிச்சையும் அவங்கதான், எழுதுறதும் அவங்கதான். மாசக் கடைசில அந்த ரெஜிஸ்டர புரட்டி அஞ்சு அஞ்சு கோடா போட்டு எண்ணி எச்எம்ஐஎஸ் 105-ன்னு ஒரு ஃபாரம், பக்கம் பக்கமா இருக்கும், அத கார்பன் வச்சு நிரப்பி, 7-ஆம் தேதிக்குள்ள அனுப்பணும். நான் போன புதுசுல அந்தத் தாள் போடா-போடா, அதான் பைக் டாக்சி, அதுல ஏறி மாவட்ட ஆபீசுக்கு வரும், அங்க பயோஸ்டாட்டிஸ்டிஷியன்னு ஒரே ஒரு ஆள் நாப்பது அம்பது சென்டரோட தாளையும் ராத்திரி உக்காந்து டைப் அடிப்பார். இப்ப பல சென்டர்ல அவங்களே ஏத்துறாங்க, டேப்லட் கூட வந்துடுச்சு. டேட்டா எண்ட்ரி ஸ்க்ரீன் அந்தத் தாள் எப்படி இருக்கோ அப்படியே இருக்கும், இது ரொம்ப புத்திசாலித்தனமான விஷயம், தாள்ல மூணாவது வரிசைன்னா ஸ்க்ரீன்லயும் மூணாவது வரிசை, தேட வேண்டியதில்ல, டேப் கீய தட்டிக்கிட்டே போலாம். அம்பத்தஞ்சு வயசு ரெக்கார்ட்ஸ் அசிஸ்டென்ட் ஒருத்தர், அதுக்கு முன்னாடி மவுஸ்ல கை வச்சதில்லை, ரெண்டு வாரத்துல என்னை விட வேகமா அடிச்சார். இந்த இடத்துல இந்த சாஃப்ட்வேருக்கு அஞ்சுக்கு அஞ்சு.

இப்ப என் மானம் போன கதை. 105 ஃபாரத்துல ஒரு பகுதி, முக்கியமான மருந்தெல்லாம் இந்த மாசம் எத்தனை நாள் இல்லாம இருந்துச்சுன்னு கேக்கும். மலேரியா மாத்திரை, மலேரியா டெஸ்ட் கிட், ஓஆர்எஸ் இப்படி. என் முதல் வருஷம், பெரிய கெட்டிக்காரி நினைப்புல ஒரு மேப் போட்டேன், மலேரியா மாத்திரை தட்டுப்பாடு எங்கன்னு. பச்சை பச்சையா வந்துச்சு. மாவட்ட மீட்டிங்ல ப்ரொஜெக்டர்ல காமிச்சு, பாருங்க இந்த காலாண்டு தட்டுப்பாடே இல்லாத சென்டர் இத்தனைன்னு பேசிட்டு இருக்கேன், பின் வரிசைலேர்ந்து ஒரு சென்டர் இன்-சார்ஜ் அம்மா எழுந்தாங்க. ரொம்ப மரியாதையா "நியாபோ, உங்க மேப்ல என் சென்டர் பச்சையா இருக்கு, எங்ககிட்ட ரெண்டு மாசமா ஒரு மாத்திரை கூட இல்லையே"ன்னாங்க. நியாபோன்னா அம்மா, மேடம்னு அர்த்தம், அந்த மரியாதைதான் இன்னும் கொல்லுச்சு. என்ன நடந்துச்சுன்னா அவங்களுக்கு மருந்து இருப்பு எழுதுற ஸ்டாக் கார்டே தீந்து போச்சு, எத்தனை நாள்னு கணக்கு எழுத முடியல, அதனால கட்டத்த வெறுமையா விட்டுட்டாங்க. நான் வெறுங்கட்டத்த சைபர்னு எடுத்துக்கிட்டேன். ஏன் எடுத்துக்கிட்டேன்னா டிஎச்ஐஎஸ்2-ல நீங்க தனியா செட்டிங்ல சொல்லாத வரைக்கும் அது சைபரை சேமிச்சே வைக்காது. ஒருத்தர் கவனமா 0 போட்டாலும், இன்னொருத்தர் கட்டத்த தொடாமலே விட்டாலும் உள்ள போனா ரெண்டும் ஒண்ணுதான். கோடிக்கணக்கான கட்டத்துல சைபரா ரொப்பி சர்வர் மூச்சு முட்டக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க, காரணம் நியாயமானதுதான், நிறைய கேள்விக்கு அது போதும். ஆனா மருந்து தட்டுப்பாட்டுக்கும் பிரசவ மரணத்துக்கும் போதாது, அங்க "இல்ல"ங்குறதும் "தெரியல"ங்குறதும் வேற வேற. ஒவ்வொரு டேட்டா எலிமென்ட்டுக்கும், அதாவது ஃபாரத்துல கேக்குற ஒவ்வொரு விஷயத்துக்கும், "சைபரை சேமி"ன்னு ஒரு டிக் இருக்கு. அந்த டிக் இருக்குறதே எனக்கு அன்னைக்கு ராத்திரிதான் தெரியும். மேனுவல்ல இருந்துச்சு, நான்தான் படிக்கல.

இதுக்கு தம்பி ஒண்ணு இருக்கு, "கம்ப்ளீட்" பட்டன். எல்லாக் கட்டமும் ரொப்பி முடிச்சதும் கீழ ஒரு பட்டன அமுக்கணும், அமுக்குனாத்தான் இந்த சென்டர் ரிப்போர்ட் குடுத்துடுச்சுன்னு கணக்கு. அமுக்காட்டி டேட்டா முழுசா உள்ள இருந்தாலும் ரிப்போர்ட்டிங் ரேட்ல அவங்க குடுக்காதவங்க லிஸ்ட்ல வருவாங்க. அதே மாதிரி வெறும் ஃபாரத்த திறந்து ஒண்ணுமே போடாம பட்டன அமுக்குனா நூறு சதவீதம் ஒழுங்கான சென்டர். மாவட்டத்துக்கு மாவட்டம் ரிப்போர்ட்டிங் ரேட்ட வச்சு ராங்க் போட்டு கப் குடுக்குற பழக்கம் ஒண்ணு வந்துச்சு பாருங்க, அந்த வருஷம் பட்டன் அமுக்குறது ஜோரா நடந்துச்சு.

நெட் இல்லாத நேரத்துல என்ன பண்ணும்னு நிறைய பேர் கேப்பாங்க. நடுவுல லைன் போனா நீங்க அடிக்கிறத ப்ரௌசருக்குள்ளயே வச்சுக்கும், நெட் வந்ததும் மேல தள்ளிடும். மலாவில மின்வெட்டு மோசமா இருந்த காலத்துல இது மட்டும் இல்லன்னா நாங்க காலி. ஆனா வச்சிருக்குற இடம் ப்ரௌசர்னு யாருக்கும் சொல்லிக் குடுக்க மாட்டோம். ஒரு தடவை மூணு நாள் உக்காந்து அடிச்ச டேட்டா, கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு யாரோ நல்ல மனசோட ஹிஸ்டரி, கேஷ் எல்லாத்தையும் கழுவிவிட்டாங்க, மூணு நாளும் போச்சு. நல்லவேளை கார்பன் காப்பி இருந்துச்சு. அதனால யாராவது பேப்பரை ஒழிக்கப் போறோம்னு ஸ்லைட் போட்டா நான் அந்த கார்பன் காப்பிய நினைச்சுக்குவேன்.

நெட்டு வேற ஒரு காரணத்துக்கும் போகும். 2021 ஜனவரில உகாண்டா தேர்தல் நேரம், நாடு முழுக்க இன்டர்நெட்ட அஞ்சு நாள் மாதிரி அணைச்சு வச்சாங்க. எந்த நேரம்? டிசம்பர் மாச ரிப்போர்ட் ஏத்துற நேரம், அதுவும் கொரோனா நடுவுல. ஒரே சர்வர், எல்லாம் ஆன்லைன்னு 2012-ல கைதட்டி வரவேத்தாங்கல்ல, அதோட மறுபக்கம் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி 2018-ல வாட்ஸாப், ஃபேஸ்புக் யூஸ் பண்ண ஒரு நாளைக்கு 200 ஷில்லிங் வரின்னு போட்டாங்க, எத்தனையோ சென்டர்ல ரிப்போர்ட்ட ஃபோட்டோ எடுத்து வாட்ஸாப்லதான் மாவட்டத்துக்கு அனுப்பிட்டு இருந்தாங்க, தன் கைக்காசுலேர்ந்து. இதெல்லாம் சாஃப்ட்வேரோட குத்தம் இல்லதான். ஆனா ரிவ்யூல ஓடுற ரோட்டையும் சேத்துத்தானே சொல்லணும்.

சின்ன எரிச்சல் ஒண்ணு, புதுசா வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும். இப்ப அடிச்ச டேட்டா உடனே சார்ட்ல வராது. ராத்திரில அனலிடிக்ஸ்னு ஒரு வேலை ஓடும், அது எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு டேபிள் போட்டு வைக்கும், அதுக்கப்புறம்தான் க்ராஃப்ல தெரியும். மீட்டிங்க்கு நடுவுல திட்டு வாங்குன சென்டர்க்காரர் ஓடிப்போய் விட்டுப்போன ரிப்போர்ட்ட ஏத்திட்டு வந்து "இப்ப பாருங்க"ன்னு நிப்பார், ரிஃப்ரெஷ் பண்ணா ஒண்ணும் மாறியிருக்காது, அவர் முகத்த பாக்கவே பாவமா இருக்கும். அட்மின் கையில அனலிடிக்ஸ உடனே ஓட்டுற பட்டன் இருக்கும், ஆனா பட்டப்பகல்ல ஓட்டுனா நாடே ஸ்லோ ஆயிடும்.

அடுத்தது பெரிய தலைவலி, இதுவும் சாஃப்ட்வேர் தானா தீத்துவைக்க முடியாதது. தடுப்பூசி கவரேஜ் நூறு சதவீதத்துக்கு மேல. எப்படி நூறு குழந்தைல நூத்திச்சொச்சம் குழந்தைக்கு ஊசி போட முடியும்? மேல இருக்குற நம்பர் சென்டர்லேர்ந்து வருது, கீழ இருக்குற நம்பர் மக்கள்தொகை கணிப்புலேர்ந்து வருது. உகாண்டாவுல சென்சஸ் 2002, அப்புறம் 2014, அப்புறம் 2024. நான் வந்தப்போ 2002-ஐ வச்சு பதினொரு வருஷம் தள்ளிக் கணிச்ச நம்பர்தான். அதுக்குள்ள டவுன் பக்கத்துல புதுக் குடியிருப்பு வந்திருக்கும், காங்கோ எல்லைய தாண்டி அகதிங்க வந்திருப்பாங்க, பக்கத்து மாவட்டத்து அம்மாங்க நல்ல சென்டர்னு இங்க தூக்கிட்டு வருவாங்க. இதோட மாவட்டம் உடைஞ்சுக்கிட்டே இருக்கும். 2010 வாக்குல 112 இருந்துச்சு, பத்து வருஷத்துல நூத்தி முப்பதைத் தாண்டிடுச்சு. டிஎச்ஐஎஸ்2-ல எல்லாம் ஒரு மரம் மாதிரி, நாடு, பிராந்தியம், மாவட்டம், சப்-கவுண்டி, சென்டர்னு. ஒரு கிளைய ஒடிச்சு வேற இடத்துல ஒட்டுனா பழைய வருஷத்து டேட்டாவும் கூடவே நகந்து போயிடும். அப்ப 2012-ல இல்லவே இல்லாத மாவட்டத்துக்கு 2012 கணக்கு சுத்தமா இருக்கும், பழைய மாவட்டம் திடீர்னு இளைச்சுப் போன மாதிரி தெரியும். ட்ரெண்ட் லைன் போட்டு பேப்பர் எழுதுற ரிசர்ச்சர் ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது இதுல விழுந்து எழுந்திருப்பாங்க. அப்படி ஒரு பேப்பர்ல ரிவ்யூவர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத நான் மூணு வாரம் ஒரு எக்செல்ல வச்சுக்கிட்டு எந்த சென்டர் எந்த வருஷம் எந்த மாவட்டத்துல இருந்துச்சுன்னு கையால தேடுனேன்.

அப்ப நல்லதே இல்லையா? இருக்கே. 2017 பக்கம் ஒரு சென்டர், மிட்வைஃப் ஒருத்தங்க, நான் பிரசவ முன் செக்கப் டேட்டாவ ரெண்டு கோடா ஒரு தாள்ல பிரிண்ட் எடுத்து குடுத்தேன், ஒண்ணு முதல் தடவை வர்றவங்க, இன்னொண்ணு நாலாவது தடவை வரைக்கும் வந்தவங்க. ரெண்டுக்கும் நடுவுல லாரி போற அளவு இடைவெளி. அவங்களே மாசாமாசம் எண்ணிப் போட்ட நம்பர்தான், ஆனா மேல அனுப்பிட்டா அது போனதுதான், திரும்பி அவங்க கைக்கு ஒரு படமா வந்ததே இல்ல. கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, செக்கப் நாள் செவ்வாய், சந்தை வெள்ளிக்கிழமை, ரெண்டு தடவை நடந்து வர முடியாதுன்னு அவங்களே சொன்னாங்க. செக்கப்ப வெள்ளிக்கிழமைக்கு மாத்துனாங்க. சர்க்குலர் இல்ல, ப்ராஜெக்ட் இல்ல, ஒரு தாள். ஆறு மாசத்துல கோடு ரெண்டும் கிட்ட வந்துச்சு, அந்தத் தாள் சுவத்துல ப்ளாஸ்டர் போட்டு ஒட்டியே இருந்துச்சு, அதுக்கு மேல அவங்க பேனாவால மாசாமாசம் புள்ளி வச்சு வரைய ஆரம்பிச்சிட்டாங்க. கேப் டவுன்ல 1994-ல இதுக்குத்தானேய்யா இத ஆரம்பிச்சீங்கன்னு எனக்குத் தோணுச்சு.

மலாவில 2022 மார்ச்ல ஆரம்பிச்ச காலரா, அந்த நாட்டு வரலாத்துலயே பெருசு, 58,000 பேருக்கு மேல வந்து 1,700 பேருக்கு மேல போயிட்டாங்க, முடியுறதுக்குள்ள 2023-ல ஃப்ரெடி புயலும் வந்துச்சு. அப்ப மாச ரிப்போர்ட்ட வச்சு ஒண்ணும் கிழிக்க முடியாது, ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியா பின்தொடரணும், அதுக்கு இதுலயே ட்ரேக்கர்னு ஒரு பகுதி இருக்கு. கொரோனா வந்தப்ப 2020 ஜனவரில உலகத்துலயே முதல்ல ட்ரேக்கர்ல ஏர்போர்ட் கண்காணிப்பு கட்டுனது இலங்கைல இருக்குற குழுதான், சில நாள்ல கட்டி, மத்த நாடுங்களுக்கும் எடுத்துக்கோங்கன்னு குடுத்துட்டாங்க. ஓப்பன் சோர்ஸோட அருமை அங்கதான் தெரியும். ட்ரேக்கர் பத்தி என் கருத்து என்னன்னா, ஆளும் நெட்டும் இருக்குற இடத்துல அருமை, இல்லாத இடத்துல ஒரே நர்ஸ் தலைல ரெஜிஸ்டரும் டேப்லட்டும் ரெண்டையும் கட்டுறது. பேப்பரை எடுக்காம டேப்லட்ட குடுத்தா வேலை ரெட்டிப்பு, அவ்வளவுதான்.

கோவம்னு சொன்னேன்ல, அது இங்க. குறைவா கேளுங்கன்னு ஆரம்பிச்ச சாஃப்ட்வேர்ல ஒரு கட்டம் சேக்குறது ரொம்ப ஈசி, ரெண்டு நிமிஷ வேலை. அதனால சேத்துக்கிட்டே இருப்பாங்க. மலேரியா ஃபண்ட் குடுக்குறவங்களுக்கு வயசு வாரியா வேணும், எச்ஐவிக்கு வேற வயசு பிரிவு வேணும், டிபிக்கு வேற, ஊட்டச்சத்துக்கு வேற. அமெரிக்காவோட பெப்ஃபார்ங்குற எச்ஐவி திட்டத்துக்கு டாட்டிம்னு தனி சிஸ்டம், அதுவும் உள்ள டிஎச்ஐஎஸ்2-தான், ஆனா மினிஸ்ட்ரியோடது இல்ல. ஒரே மாத்திரை வாங்குன ஒரே ஆளை ரெண்டு இடத்துல ரெண்டு விதமா எண்ணணும், அப்புறம் ரெண்டும் ஏன் ஒத்துவரலன்னு மூணாவதா ஒரு வொர்க்‌ஷாப், அதுக்கு என்னை மாதிரி ஒரு ஆள், ஹோட்டல், பஃபே. நான் வேலை பாத்த ஒரு ப்ராஜெக்ட்ல டிஎச்ஐஎஸ்2-ல ஏற்கனவே இருக்குற நம்பரை எங்க எக்செல்லுக்கு மறுபடி அடிச்சு அனுப்புங்கன்னு மாசாமாசம் சென்டருக்கு மெயில் போட்டவளே நான்தான். ஒரு இன்-சார்ஜ் ஒரு மாசத்துல எத்தனை ரிப்போர்ட் எழுதுறார்னு ஒரு நாள் மேஜை மேல பரப்பி வச்சு எண்ணுனோம், மேஜை பத்தல, தரைல வச்சோம்.

2025 ஆரம்பத்துல அமெரிக்க உதவிக் காசு நின்னுச்சு. செய்தில மருந்து, க்ளினிக்னு வந்துச்சு, அதெல்லாம் நிஜம், ஆனா சத்தமில்லாம போனவங்க டேட்டா க்ளர்க்குங்க. பல சென்டர்ல எச்ஐவி ரெஜிஸ்டர எழுதி சிஸ்டத்துல ஏத்துனது ப்ராஜெக்ட் சம்பளத்துல இருந்த பையன்தான், அரசாங்கப் பட்டியல்ல அந்தப் பதவியே இருக்காது. 2001-ல நைஜீரியாவோட அபுஜாவுல ஆப்பிரிக்கத் தலைவர்கள் பட்ஜெட்ல 15 சதவீதம் சுகாதாரத்துக்குன்னு ஒத்துக்கிட்டாங்க, பெரும்பாலான நாடு இன்னும் எட்டல, அந்த ஓட்டைய அடைச்சிட்டு இருந்தது வெளிக்காசு. அதே சமயத்துல டிஎச்எஸ் சர்வேயும் நின்னு போச்சு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், குழப்பிக்காதீங்க, அது வீடு வீடா போய் எடுக்குற சர்வே, 1984-லேர்ந்து அமெரிக்கக் காசுல நடந்தது. எங்க கவரேஜ் நம்பர் பொய்யா மெய்யான்னு தட்டிப் பாக்குற உரைகல் அதுதான். பிறகு வேற காசு வச்சு கொஞ்சம் உயிர் குடுத்தாங்க. ஆனா பல இடத்துல இப்ப கையில இருக்குறது இந்த மாச ரிப்போர்ட் மட்டும்தான், அதாவது டிஎச்ஐஎஸ்2 மட்டும்தான், அதுவும் எழுதுற ஆள் குறைஞ்ச நேரத்துல.

யாராவது பொதுசுகாதாரம் படிச்சிட்டு இந்தப் பக்கம் வர்றதா இருந்தா, டிகிரிக்கு ஆகுற செலவுல ஒரு பைசா கூட வேணாம், டெமோ சைட்டத் திறந்து ஒரு வாரம் நோண்டுங்க. அதுல சியரா லியோன் ஊர் பேரெல்லாம் போட்டு உண்மை இல்லாத டேட்டா ரொப்பி வச்சிருப்பாங்க, பாஸ்வேர்டு டிஸ்ட்ரிக்ட். போ மாவட்டம், பட்ஜியா, எங்கலேஹுன்னு ஒரு சென்டர், உலகத்துல டிஎச்ஐஎஸ்2 கத்துக்கிட்ட அத்தனை பேரும் அந்த சென்டர்லதான் முதல் டேட்டாவ அடிச்சிருப்பாங்க, நானும்தான். ட்ரெயினிங்ல கூட இருந்த சியரா லியோன்காரர் ஒருத்தர், எங்க ஊர் சென்டர்ல பத்து வருஷமா உலகமே வந்து ஊசி போட்டுட்டுப் போகுது, குழந்தைங்கதான் பத்தலன்னு சிரிப்பார்.

மார்க்னு கேட்டா, மாவட்டத்துல தன் டேட்டாவ தானே திறந்து பாக்குற ஒருத்தர் இருந்தா அஞ்சுக்கு நாலரை, மேல அனுப்புற குழாயா மட்டும் வச்சிருந்தா ரெண்டு. அதே சாஃப்ட்வேர், அதே வெர்ஷன்.

அந்த மீட்டிங்ல எழுந்த இன்-சார்ஜ் அம்மா இன்னும் அதே சென்டர்லதான். அடுத்த மாசமே மருந்துப் பகுதி கட்டத்துக்கெல்லாம் அந்த டிக்க போட வச்சோம், ஸ்டாக் கார்டு நானே கம்பாலாவுல பிரிண்ட் போட்டு ஒரு கட்டு எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். அதுலேர்ந்து ரிப்போர்ட் ஏத்துனதும் எனக்கு ஒரு வாட்ஸாப் வரும், நான் மலாவில இருந்தப்பவும் வந்துச்சு. போன மாசம் வந்தது: "நியாபோ, மலேரியா மாத்திரை, 31 போட்டிருக்கேன்." உள்ள போய் பாத்தேன், 31-னு கரெக்டா ஏறியிருக்கு, மேப்ல சிவப்பா தெரியுது. மருந்து வண்டி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான், அடுத்தது வர இன்னும் பதினெட்டு நாள் இருக்கு.